ஃப்ரீ ஏஜென்சி கடைசி இடத்துக் கிளப்பைத் தூக்கிவிடுமா? நார்த் ரசிகனின் கேள்வி, எல்லோரும் வாருங்கள்

ஆர்டன்_தெரு

ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக் ஏ.எஃப்.எல்.லில் 18 கிளப்புகள், அதில் எங்களுக்கு 2020-இல் 17-ஆவது இடம். அப்புறம் 18, 18, 17, 17. 2025-இல் 16-ஆவது இடம் வந்ததை ஏதோ மலை ஏறியதுபோல் பேசிக்கொள்கிறோம், அதுதான் நார்த் மெல்பர்ன் ரசிகனின் இன்றைய நிலைமை.

டிராஃப்டில் (18 வயதுப் பையன்களைக் கிளப்புகள் முறைபோட்டு எடுப்பது, ஒவ்வொரு முறையும் ஒரு 'பிக்', கடைசி இடத்துக் கிளப்புக்கு முதல் பிக்) எங்களுக்குக் கிடைக்காதது எதுவுமில்லை. ஷீசல், வார்ட்லா, மெக்கர்ச்சர், ஜேன் டுவர்ஸ்மா என்று எல்லாம் மேல் பிக்குகள். நான்கு கோப்பை வென்ற கிளார்க்சன் கோச். 2023-இல் ஏ.எஃப்.எல். தனியாக உதவி வேறு செய்தது. இவ்வளவு இருந்தும் வாராவாரம் நடப்பது என்ன? இரண்டாவது குவார்ட்டர் வரை பையன்கள் ஓடுகிறார்கள், மூன்றாவதில் எதிரணியின் 27, 28 வயது உடம்புகள் வந்து மோதியதும் பந்து நம் பக்கமே வருவதில்லை. இருபது வயதுக்காரர்கள் இருபது பேரை வைத்துக்கொண்டு இருபது வயதுக்காரர்களை வளர்க்க முடியாது. பக்கத்தில் நின்று "இந்தப் பக்கம் நில், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்ல ஒருவன் வேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், ஒப்பந்தம் முடிந்த ஆளை வாங்குகிற ஃப்ரீ ஏஜென்சிதான் வழி. பெரிய நட்சத்திரத்தைத் துரத்துவதைச் சொல்லவில்லை. அதை 2017-இல் பார்த்தாயிற்று. டஸ்டின் மார்ட்டினுக்கு நாங்கள் கொட்டிக் கொடுக்கத் தயாராக இருந்தோம். அவர் ரிச்மண்டிலேயே ஏழு வருட ஒப்பந்தம் போட்டுவிட்டு, அதே வருடம் பிரவுன்லோ (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்), நார்ம் ஸ்மித் (ஃபைனலின் சிறந்த ஆட்டக்காரர்), கோப்பை மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார். ஜோஷ் கெல்லியும் வரவில்லை.

நான் சொல்வது நடுத்தர ஆட்டக்காரர்களை. 2013 முடிவில் டால் சான்டோ வந்தார், 2014 முடிவில் ஜாரட் வெய்ட், ஷான் ஹிக்கின்ஸ். எல்லோரும் ஃப்ரீ ஏஜென்ட். யாருக்காகவும் ஒரு பிக்கூடக் கொடுக்கவில்லை. 2014, 2015 இரண்டு வருடமும் பிரிலிமினரி ஃபைனல், அதாவது ஃபைனலுக்கு முந்தின ஆட்டம் வரை ஆடினோம். ஹிக்கின்ஸ் அப்புறம் இரண்டு முறை கிளப்பின் சிறந்த ஆட்டக்காரர். இப்போதைய லிஸ்டில் அப்படி மூன்று பேரைச் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

மூராபின்_முரளி

//இருபது வயதுக்காரர்கள் இருபது பேரை//

இந்த வரியை எங்கள் செயின்ட் கில்டா கிளப் வாசலில் எழுதி ஒட்டலாம்.

ஆனால் அண்ணா, உங்கள் கதையின் பின்பாதியை விட்டுவிட்டீர்களே. 2016-இல் முதல் ஒன்பது ஆட்டமும் வென்றீர்கள், கடைசியில் எட்டாவதாக முடித்தீர்கள். ஆகஸ்டில் ஹார்வி, பெட்ரி, ஃபிரிட்டோ, அதே டால் சான்டோ நால்வரையும் ஒன்றாக அனுப்பினீர்கள். 2017-இல் 15-ஆவது இடம். வயசானவர்களை வாங்கி ஒட்டுப்போட்டால் இரண்டு வருடம் ஓடும், அப்புறம் மொத்தமாகக் கழன்றுவிடும்.

புதுசு_ஃபுட்டி

மன்னிக்கவும், நடுவில் வருகிறேன். மெல்பர்ன் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, ஆபீஸில் எல்லோரும் இதையே பேசுகிறார்கள். ஃப்ரீ ஏஜென்சி என்றால் ஐ.பி.எல். ஏலம் மாதிரியா? யார் அதிகம் கொடுக்கிறார்களோ அங்கே போவார்களா?

சிவப்பும்_நீலமும்

ஏலம் இல்லை தம்பி. ஐ.பி.எல்.லில் ஆட்டக்காரரைக் கிளப் எடுக்கும், அவர் போயே ஆக வேண்டும். இங்கே நேர்மாறு. ஒப்பந்தத்தில் இருக்கிற ஆளைக்கூட அவர் சம்மதம் இல்லாமல் வேறு கிளப்புக்கு டிரேட் செய்ய முடியாது. முதலில் 18 வயதில் டிராஃப்டில் எந்தக் கிளப் எடுக்கிறதோ அங்கே போக வேண்டும், அதில் அவனுக்குப் பேச்சே இல்லை. அதற்கு ஈடாகத்தான் ஃப்ரீ ஏஜென்சி. ஒரே கிளப்பில் எட்டு சீசன் முடித்து ஒப்பந்தமும் முடிந்தால் வெளியே போகலாம். அந்தக் கிளப்பில் அதிகச் சம்பளம் வாங்கும் 25 சதவீதத்துக்குள் இருப்பவர் என்றால் 'கட்டுப்பாடு உள்ள' ஃப்ரீ ஏஜென்ட். வேறு கிளப் கொடுக்கிற தொகையைப் பழைய கிளப்பும் கொடுக்கத் தயார் என்றால் அவரை நிறுத்தலாம், அதைத்தான் மேட்ச் பண்ணுவது என்கிறார்கள். பத்து சீசன் ஆகிவிட்டால் யாரும் நிறுத்த முடியாது. 2012 சீசன் முடிவில் தொடங்கியது இது.

சம்பளத்துக்கு எல்லாக் கிளப்புக்கும் ஒரே உச்சவரம்பு. கீழேயும் ஒரு வரம்பு உண்டு, அந்த உச்சத்தில் 95 சதவீதமாவது செலவு செய்தே ஆக வேண்டும். இந்த இரண்டாவதை மறந்துவிட்டுத்தான் பாதிப் பேர் பேசுகிறார்கள். தோற்றுக்கொண்டே இருக்கிற கிளப்பும் கிட்டத்தட்ட கோப்பை வெல்கிற கிளப் அளவுக்குச் சம்பளம் கொடுக்கிறது. யாருக்குக் கொடுக்கிறது என்பதுதான் வித்தியாசம். நல்ல ஆள் இல்லையென்றால் சுமாரான ஆளுக்கு அந்தப் பணம் போகும்.

புதுசு_ஃபுட்டி

நன்றி அக்கா. அப்போ ஆளை இழக்கிற கிளப்புக்கு ஒன்றுமே கிடைக்காதா?

சிவப்பும்_நீலமும்

கிடைக்கும், அங்கேதான் விஷயமே இருக்கிறது. ஆர்டன் தெரு அண்ணா உள்ளே வருகிறவர்களைப் பற்றி மட்டும் பேசுகிறார். என்னைக் கேட்டால் தோற்கிற கிளப்புக்கு ஃப்ரீ ஏஜென்சியால் வந்த பெரிய லாபமெல்லாம் வெளியே போனவர்களால் வந்ததுதான்.

எங்கள் மெல்பர்ன் கிளப்பின் கதையைச் சொல்கிறேன். 2011-இல் ஜீலாங்கிடம் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்ற கிளப் நாங்கள். 2013-இல் ஏ.எஃப்.எல்.லிடம் சிறப்பு பிக் கேட்டோம், கொடுக்கவில்லை. 2014-இல் 17-ஆவது இடம். அந்த முடிவில் எங்கள் ஃபுல்பேக் ஜேம்ஸ் ஃப்ராலி ஹாதார்னுக்குப் போனார். நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை, ஆனால் கிளப்பைத் தலையில் தூக்கிச் சுமந்தவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவருக்கு நஷ்டஈடாக எங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது பிக்! எங்களிடம் ஏற்கெனவே இரண்டாவது இருந்தது. இரண்டாவதில் கிறிஸ்டியன் பெட்ராக்கா, மூன்றாவதில் ஆங்கஸ் பிரேஷா.

2021 ஃபைனல், பெர்த்தில். மூன்றாம் குவார்ட்டரில் புல்டாக்ஸ் எங்களை விட 19 புள்ளி முன்னே. 57 வருடமாகக் காத்திருக்கிற ஆட்கள் எல்லோருக்கும் "இதுவும் போச்சு" என்று அப்போது தோன்றியிருக்கும், லாக்டவுனில் வீட்டுக்குள் உட்கார்ந்து டிவி பார்த்த எனக்கும்தான். அங்கிருந்து திருப்பி 74 புள்ளியில் வென்றோம். பெட்ராக்காவுக்கு 39 முறை பந்து, இரண்டு கோல், நார்ம் ஸ்மித் பதக்கம். பிரேஷாவும் அந்த அணியில். ஃப்ராலிக்கும் நட்டமில்லை, 2015-லேயே ஹாதார்னோடு கோப்பை வாங்கிவிட்டார்.

மூராபின்_முரளி

அக்கா, அந்த டிராஃப்டில் முதல் பிக் எங்களுடையது. பெட்ராக்காவை விட்டுவிட்டு வேறு ஆளை எடுத்தோம். காலையிலேயே ஞாபகப்படுத்த வேண்டுமா?

விண்டி_ஹில்

நஷ்டஈடு என்கிற பெயரே தப்பு. 2023-இல் பென் மெக்கே எங்கள் எசண்டனுக்கு வந்தார், நார்த்துக்கு மூன்றாவது பிக் போனது. மூன்றாவது! மெக்கே நன்றாகத்தான் ஆடுகிறார், ஆனால் அவரை டிரேடில் போட்டால் எந்தக் கிளப்பாவது மூன்றாவது பிக்கைக் கொடுத்திருக்குமா? அந்த வருடம் மற்றக் கிளப்புகள் எல்லாம் கத்தியதில் நியாயம் இருந்தது.

சூத்திரம் என்னவென்று வெளியே சொல்வதும் கிடையாது. சம்பளம், எத்தனை வருட ஒப்பந்தம், வயது, இதையெல்லாம் போட்டு ஒரு கணக்கு. முதல் சுற்று, முதல் சுற்றின் முடிவு, இரண்டாம் சுற்று, இரண்டாம் சுற்றின் முடிவு, மூன்றாம் சுற்று என்று ஐந்து படி. முதல் படி கிடைத்தால் உங்கள் சொந்த பிக்குக்கு அடுத்ததே கிடைக்கும். அதனால் ஒரே தரமுள்ள ஆள் போனாலும் கடைசி இடத்துக் கிளப்புக்கு இரண்டாவது பிக், கோப்பை வென்ற கிளப்புக்கு 19-ஆவது. பெரிய நட்சத்திரம் ஃபிராங்க்ளின் சிட்னிக்குப் போனபோது ஹாதார்னுக்குக் கிடைத்தது 19. லான்ஸ் ஃபிராங்க்ளினுக்கு 19, ஃப்ராலிக்கு 3. சிரிப்பு வரவில்லையா உங்களுக்கு?

ஆர்டன்_தெரு

விண்டி, உங்களுக்கும்தானே 2020-இல் ஜோ டேனிஹர் போனதற்கு ஏழாவது பிக் வந்தது? அப்போது யாரும் கத்திய மாதிரி நினைவில்லை.

விண்டி_ஹில்

வந்தது. 2019-இல் சிட்னி கேட்டபோது விடவில்லை, அடுத்த வருடம் பிரிஸ்பேனுக்கு விட்டுவிட்டு ஏழாவது பிக்கை வாங்கிக்கொண்டோம். ஒரே டிராஃப்டில் வரிசையாக மூன்று மேல் பிக்குகள், காக்ஸ், பெர்கின்ஸ், ரீட். அந்த ராத்திரி எங்கள் ஆட்கள் பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டும், ஐந்து வருடத்தில் கோப்பை என்று.

ஐந்து வருடம் ஆயிற்று. 2025-இல் 15-ஆவது இடம். டேனிஹர் 2024-இல் பிரிஸ்பேனோடு கோப்பை வாங்கிவிட்டு 30 வயதில் ஓய்வும் பெற்றுவிட்டார். நாங்கள் 2004-க்கு அப்புறம் ஃபைனல்ஸில் (சீசன் முடிவில் மேல் அணிகள் ஆடும் கோப்பைச் சுற்று) ஒரு ஆட்டம்கூட வென்றதில்லை. பிக்கை வாங்குவது பெரிய காரியமில்லை, வந்த பையனை வளர்க்கத் தெரிய வேண்டும். அவன் காயத்தில் படுத்தால் எழுப்பத் தெரிய வேண்டும். அது தெரியாத கிளப்புக்கு நீங்கள் மூன்றாவது பிக் கொடுத்தால் என்ன, முப்பதாவது கொடுத்தால் என்ன?

பெர்த்_கழுகு

கிழக்குக் கரை ஆட்கள் எங்களை மறந்துவிட்டீர்கள். 2025-இல் ஒரே ஒரு ஆட்டம் வென்று கடைசி இடத்தில் இருந்த வெஸ்ட் கோஸ்ட் ரசிகன் நான்.

ஆஸ்கர் ஆலன் எங்கள் இணைக் கேப்டன். சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே ஹாதார்ன் கோச்சைப் போய்ச் சந்தித்தார் என்று செய்தி வந்து பெரிய அமளி, அவர் வருத்தமும் தெரிவித்தார். கடைசியில் போனது ஹாதார்னுக்கு இல்லை, பிரிஸ்பேனுக்கு. எங்களுக்கு இரண்டாவது பிக். கையில் ஏற்கெனவே முதல் பிக். வில்லெம் டுவர்ஸ்மாவும் கூப்பர் டஃப்-டைட்லரும் வந்தார்கள். (வில்லெமின் அண்ணன் ஒருவர் நார்த்தில், இன்னொருவர் எசண்டனில். இந்த இழையில் பாதிப்பேர் வீட்டில் ஒரு டுவர்ஸ்மா இருக்கிறார்!)

காகிதத்தில் பார்த்தால் அருமையான வியாபாரம், காயத்தில் நிறைய நாள் இருந்த ஒரு ஃபார்வர்டுக்கு இரண்டாவது பிக். ஆனால் மைதானத்தில் யோசித்துப் பாருங்கள். ஒரு வெற்றியோடு முடித்த அணியிலிருந்து கேப்டன் போகிறார், போவது கோப்பை வைத்திருக்கிற அணிக்கு. இருக்கிற பையன்கள் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள்? நமக்கும் 26 வயது வரும்போது இதுதான் வழி என்று அவர்கள் நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியுமா? ஆலனை மேட்ச் பண்ணியிருக்கலாம். ஏன் பண்ணவில்லை? இரண்டாவது பிக் அவ்வளவு இனித்தது. எனக்கு இருக்கிற சங்கடம் இதுதான், நஷ்டஈடு தாராளமாக இருப்பதால் கீழே இருக்கிற கிளப் தன் ஆளுக்காகச் சண்டையே போடுவதில்லை.

சண்டை போட்டவர்களைப் பாருங்கள். டேஞ்சர்ஃபீல்டை மேட்ச் பண்ணுவோம் என்று 2015-இல் அடிலெய்ட் நின்றதால் ஜீலாங் டிரேடுக்கு வந்து ஒன்பதாவது பிக், 28-ஆவது பிக் எல்லாம் கொடுக்க வேண்டியதாயிற்று. 2020-இல் ஜெரமி கேமரனை ஜி.டபிள்யூ.எஸ். (மேற்கு சிட்னிக் கிளப்) நிஜமாகவே மேட்ச் பண்ணியது, ஜீலாங் மூன்று முதல் சுற்று பிக்குகளைக் கொடுத்தது. இரண்டு கிளப்புமே அப்போது நடுவில் இருந்தவை. கடைசியில் கிடக்கிற கிளப் இப்படிச் செய்வதில்லை, தேவையே இல்லை.

மூராபின்_முரளி

எதிர் உதாரணம் ஒன்று. அதே 2020-இல் அடிலெய்ட் கடைசி இடம். பிராட் க்ரவுச் எங்களிடம் வந்தார். அடிலெய்ட் முதல் படி கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தது, கிடைத்திருந்தால் இரண்டாவது பிக். கிடைத்தது முதல் சுற்றின் முடிவில்தான். அதாவது நாம் எவ்வளவு சம்பளம் கொடுக்கிறோம் என்பதை வைத்து அவர்கள் எதிர்காலம் ஒரே நாளில் இருபது இடம் மாறியது. இதை ஒரு திட்டம் என்று எப்படிச் சொல்வது? லாட்டரி.

கப்பா_வாசி

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், பிரிஸ்பேன் பெயர் இவ்வளவு தடவை வந்த பிறகு சும்மா இருக்க முடியாது.

எல்லோரும் எங்களை இப்போது பணக்கார வீடாகப் பார்க்கிறீர்கள். 2013 முடிவில் எங்களிடமிருந்து ஒரே நேரத்தில் ஐந்து இளம் ஆட்டக்காரர்கள் ஊருக்குப் போகிறோம் என்று போனார்கள், டாக்கெர்ட்டி, யோ, லாங்கர், போலெக், கர்னேசிஸ். டிராஃப்டில் எடுத்து வளர்த்த பிள்ளைகள். யோ வெஸ்ட் கோஸ்டில் கோப்பை வாங்கினார், டாக்கெர்ட்டி கார்ல்டன் இணைக் கேப்டன் ஆனார். 2017-இல் நாங்கள் கடைசி இடம். அந்த நேரம் எந்தப் பெரிய ஃப்ரீ ஏஜென்டும் எங்கள் போனைக்கூட எடுத்திருக்க மாட்டார்.

அப்புறம் என்ன செய்தோம்? ஃபேகன் ஏற்கெனவே கோச்சாக வந்திருந்தார். 2017 முடிவில் லூக் ஹாட்ஜை ஓய்விலிருந்து இழுத்துவந்தோம், ஹாதார்னில் நான்கு கோப்பை பார்த்தவர். அவர் வந்து ஆடியதை விட, பின்னால் நின்று பையன்களைத் திட்டி நிறுத்தியதுதான் அதிகம். சார்லி கேமரன் அடிலெய்டிலிருந்து, அடுத்த வருடம் லாக்கி நீல் ஃப்ரீமாண்டிலிலிருந்து, லிங்கன் மெக்கார்த்தி ஜீலாங்கிலிருந்து. எல்லாமே டிரேட், எதிலும் ஃப்ரீ ஏஜென்சி இல்லை. 2019-இல் பட்டியலில் இரண்டாவதாக முடித்தோம். அதற்கு அப்புறம்தான், 2020 முடிவில், டேனிஹர் வந்தார். 2024, 2025 இரண்டு கோப்பை. 2025 முடிவில் ஆலனும் வந்தார்.

வரிசையைக் கவனியுங்கள். ஃப்ரீ ஏஜென்ட் கடைசியில் வந்தார். கட்டடம் எழும்பின பிறகுதான் குடிவருவார்கள், அஸ்திவாரம் தோண்ட யாரும் வர மாட்டார்கள். ஒரு ஆள் எட்டு சீசன் ஆடி 26 வயதாகிறது, இன்னும் நான்கைந்து நல்ல வருடம் இருக்கிறது. பணம் எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், உச்சவரம்பு இருக்கிறதே. அப்படியிருக்க ஏன் 17-ஆவது இடத்துக்குப் போவார்?

ஆர்டன்_தெரு

//பணம் எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்//

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன் கப்பா. நல்ல கிளப்புகளில் உச்சவரம்பு நிரம்பி வழிகிறது. அங்கே ஏற்கெனவே இருக்கிற நட்சத்திரங்கள் குறைத்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எங்களிடம் இடம் இருக்கிறது. ஒரு வருடம் குறைவாகச் செலவு செய்தால் அதைச் சேர்த்துவைத்து இன்னொரு வருடம் 105 சதவீதம் வரை போகலாம் என்று விதியும் இருக்கிறது. ஒப்பந்தத்தின் முதல் இரண்டு வருடத்திலேயே பெரும் தொகையைக் கொடுத்துவிட்டு, ஷீசலும் வார்ட்லாவும் பெரிய சம்பளம் கேட்கும் நேரத்தில் அந்த ஆளின் சுமை குறைந்திருக்கும்படி செய்யலாம். இந்த ஒரு சௌகரியம் கீழே இருக்கிற கிளப்புக்கு மட்டும்தான் உண்டு. வரம்புக்குள் கொடுத்தே ஆக வேண்டிய பணம் அது. சுமாரான ஆளுக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்குப் பதில் வெளியிலிருந்து நல்ல ஆளுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமே.

மூராபின்_முரளி

அண்ணா, நீங்கள் இப்போது சொன்னதைத்தான் எங்கள் கிளப் 2025-இல் செய்துகாட்டியது. டாம் டி கோனிங் கார்ல்டனிலிருந்து எட்டு வருடம், ஊடகங்கள் சொன்ன கணக்குப்படி வருடம் 17 லட்சம் டாலர் அளவில். ஜாக் சில்வாக்னியும் அங்கிருந்தே ஃப்ரீ ஏஜென்ட். அதோடு லியாம் ரயன், சாம் ஃப்ளாண்டர்ஸ் டிரேடில். நாசையா வாங்கனீன்-மிலேராவைப் போகவிடாமல் பிடித்ததுதான் இதையெல்லாம் விடப் பெரிய வேலை, இரண்டே வருடம்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பது தனிக் கவலை.

12-ஆவது இடத்தில் இருந்த கிளப்புக்கு ஒரே அக்டோபரில் (கிளப்புகள் ஆள் மாற்றும் மாதம்) இவ்வளவு பேர் வருகிறார்கள் என்றால், கப்பா சொல்கிற 'யாரும் வர மாட்டார்கள்' என்பது முழு உண்மை இல்லை. பணமும் வருடமும் சேர்ந்து வந்தால் வருவார்கள். எட்டு வருடம் என்பது டி கோனிங் மாதிரி ஒரு ருக்மனுக்கு (நடுவில் எகிறிப் பந்தைத் தட்டுகிற உயரமான ஆள்) வாழ்நாள் பாதுகாப்பு.

ஆனால் எனக்குப் பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. 2019-இல் இதே கூத்து நடந்தது. ஹில், ஹவர்ட், ரைடர், ஜோன்ஸ், பட்லர் என்று ஐந்து பேர் ஒன்றாக வந்தார்கள். 2020-இல் புல்டாக்ஸை மூன்று புள்ளியில் வென்று ஒரு ஃபைனல்ஸ் வெற்றி. அப்புறம் க்ரவுச் வந்தார், உங்கள் ஃப்ராலிகூட ஓய்வைக் கைவிட்டு எங்களிடம் வந்தார் அக்கா! அடுத்த இரண்டு வருடம் ஃபைனல்ஸ் ஆடும் முதல் எட்டுக்குள்ளேயே இல்லை. 1966-க்கு அப்புறம் கோப்பை பார்க்காத கிளப் நாங்கள், ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை வேறு மாதிரி என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். இந்த முறை வயது வித்தியாசம் இருக்கிறது. டி கோனிங் வந்தபோது 26. மிலேரா கையெழுத்துப் போட்டபோது 22. அந்த ஒன்றை வைத்துத்தான் நம்புகிறேன்.

சிவப்பும்_நீலமும்

முரளி சொன்னதில் முக்கியமான விஷயம் வயது. ஆர்டன் அண்ணா காட்டிய வெய்ட், டால் சான்டோ இருவரும் வரும்போதே முப்பதை ஒட்டியவர்கள், அதனால்தான் நார்த் 2016-இல் ஒரேயடியாகச் சரிந்தது. ஹிக்கின்ஸ் மட்டும் 26, அவர்தான் நீடித்தார்.

இன்னொரு கொக்கி இருக்கிறது, இதை யாரும் இன்னும் தொடவில்லை. நஷ்டஈட்டைக் கணக்குப் போடும்போது போனவர்களை மட்டும் பார்ப்பதில்லை, அதே வருடம் அந்தக் கிளப் எடுத்த ஃப்ரீ ஏஜென்ட்களையும் கழிப்பார்கள். அதாவது 2023-இல் மெக்கேவை இழந்த நார்த், அதே அக்டோபரில் ஒரு நல்ல ஃப்ரீ ஏஜென்டை எடுத்திருந்தால் மூன்றாவது பிக் கீழே இறங்கியிருக்கும். அப்படியென்றால் தோற்கிற கிளப்புக்கு ஏ.எஃப்.எல். என்ன சொல்கிறது? "ஆளை விடு, புதிய ஆளை எடுக்காதே, இன்னும் கொஞ்சம் தோற்றுக்கொண்டிரு, பிக் தருகிறேன்." ஆர்டன் அண்ணா கேட்கிற மூன்று நடுத்தர ஆட்டக்காரர்களும், எனக்குப் பிடித்த நஷ்டஈட்டு பிக்கும் ஒரே வருடத்தில் சேர்ந்து வராது. ஒன்றைத்தான் எடுக்கலாம். கிளப் எப்போதும் பிக்கைத்தான் எடுக்கிறது, ஏனென்றால் பிக்கில் யாரும் இன்னும் தோற்கவில்லை.

பெர்த்_கழுகு

//பிக்கில் யாரும் இன்னும் தோற்கவில்லை//

அக்கா, அபாரம்.

அதோடு அந்தப் பிக்கின் செலவை யார் கட்டுகிறார்கள் பாருங்கள். ஃப்ராலியை எடுத்த ஹாதார்ன் ஒன்றும் கொடுக்கவில்லை. மெல்பர்னுக்கு மூன்றாவது பிக் வந்ததால் மற்ற எல்லாக் கிளப்பும் ஒரு இடம் பின்னே தள்ளப்பட்டது. வாங்கியவனுக்கும் லாபம், விட்டவனுக்கும் லாபம், சும்மா இருந்தவனுக்குத் தண்டனை. மூன்றாவது இருந்த கிளப்பும் தோற்றுத்தானே அங்கே வந்திருந்தது?

விண்டி_ஹில்

அதனால் நஷ்டஈட்டையே எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. எடுத்துவிட்டு எட்டு வருடத்தை ஆறாகக் குறைக்க வேண்டும். 24 வயதில் ஆள் சந்தைக்கு வந்தால் கோப்பைக்கு ஓட அவசரம் இருக்காது, நல்ல சம்பளத்துக்கும் மிட்ஃபீல்டில் நிரந்தர இடத்துக்கும் கீழே இருக்கிற கிளப்புக்கு வருவான்.

ஆர்டன்_தெரு

எங்கள் பையன்களும் 24 வயதில் போய்விடுவார்களே! ஷீசலுக்கு ஆறு சீசன் எப்போது முடிகிறது தெரியுமா? 2028. அதே வருடம் டாஸ்மேனியா டெவில்ஸ் என்ற புதுக் கிளப் வேறு உள்ளே வருகிறது, பை நிறையப் பணத்தோடு. நன்றாக இருக்கும்.

விண்டி_ஹில்

அதற்கு ஒரு திருத்தம். ஆறு வருடம் முடித்தவர் பட்டியலில் கடைசி ஆறு இடத்தில் இருக்கிற கிளப்புக்கு மட்டும் ஃப்ரீ ஏஜென்டாகப் போகலாம். மேலே இருக்கிற கிளப்புக்குப் போக எட்டு வருடம். மேல் கிளப் எடுத்தால் அவர்கள் கையிலிருந்தே ஒரு பிக் போக வேண்டும், பொதுக்கணக்கில் இல்லை.

கப்பா_வாசி

ஆட்டக்காரர் சங்கம் இதற்கு ஒப்புக்கொள்ளும் என்று நினைக்கிறீர்களா? உரிமை என்றால் எல்லாக் கிளப்புக்கும் போகிற உரிமைதான் என்பார்கள். அப்புறம் 12-ஆவதும் 13-ஆவதும் நடுவில் கடைசி வாரத்தில் ஒரு ஆட்டம் நடந்தால், தோற்கிற அணிக்குத்தான் கடை திறக்கும் என்று ஆகும். வேண்டவே வேண்டாம், வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற சந்தேகங்களால் ஏற்கெனவே பட்டது போதும்.

ஆனால் வாங்குகிற கிளப் தன் பிக்கைக் கொடுக்க வேண்டும் என்பது சரி. ஆலனுக்காக நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை, எனக்கே அது கொஞ்சம் கூச்சம்தான்.

பெர்த்_கழுகு

கூச்சப்பட்டுக்கொண்டே கோப்பையைத் துடைத்து வையுங்கள்.

மூராபின்_முரளி

ஹா ஹா. டாஸ்மேனியா வந்த பிறகு இந்த விதிகள் எப்படியும் ஒருமுறை பிரித்து அடுக்கப்படும், அதுவரை இருக்கிற விதியில் என்ன செய்வது என்றுதான் பார்க்க வேண்டும். ஆர்டன் அண்ணா, நார்த்துக்கு நீங்கள்தான் லிஸ்ட் மேனேஜர் என்றால் 2026 அக்டோபரில் என்ன செய்வீர்கள்? பெயர் சொல்ல வேண்டாம், எந்த இடத்துக்கு எந்த வயது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆர்டன்_தெரு

ஒரு உயரமான டிஃபென்டர், 25-லிருந்து 27-க்குள். மெக்கே போனதிலிருந்து அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது, அவர் போனதற்கு வந்த பிக்கில் ஃபார்வர்டு எடுத்தோம், பின்பக்கம் கோல் போய்க்கொண்டே இருக்கிறது. அவருக்கு ஐந்து வருடம், முதல் இரண்டு வருடத்தில் பாதிப் பணம். அப்புறம் ஒரு நல்ல கிளப்பில் 23-ஆவது ஆளாக உள்ளேயும் வெளியேயும் இருக்கிற ஒரு மிட்ஃபீல்டர், நூறு ஆட்டம் ஆடியவர், ஃபைனல்ஸ் பார்த்தவர், மூன்று வருடம். ஹாட்ஜ் மாதிரி ஒருவர் ஒரு வருடத்துக்கு வந்தால் சம்பளம் எவ்வளவு என்றே பார்க்காமல் கொடுக்கலாம். நஷ்டஈட்டு பிக் வராமல் போனால் போகட்டும்.

அடுத்த வருடத்து முதல் சுற்று பிக்கை மட்டும் டிராஃப்ட் ராத்திரியில் யாருக்கும் கொடுத்துவிடக் கூடாது. 2024-இல் ரிச்மண்டுக்குக் கொடுத்துவிட்டு 27-ஆவது பிக்கை வாங்கினோம், 2025-இல் எங்கள் முதல் சுற்றில் அவர்கள் ஆள் எடுப்பதை உட்கார்ந்து பார்த்தோம்.

விண்டி_ஹில்

டிஃபென்டர் வேண்டுமென்றால் எங்களிடம் மெக்கே என்று ஒருவர் இருக்கிறார். ஒப்பந்தம் பாக்கி இருக்கிறது. மூன்றாவது பிக்குக்குத் தருகிறோம்.

ஆர்டன்_தெரு

முதலில் உங்கள் பக்கத்து டுவர்ஸ்மாவையும் சேர்த்து அனுப்புங்கள், அப்புறம் பேசலாம்.